அலாஸ்காவில் முன்னோரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அலாஸ்கா 1867 வரை ரஷ்யாவின் பிடியிலும், அதன் பின் அமெரிக்காவின் ஆட்சியிலும் இருந்து வந்துள்ள வடகோடி நிலம். ரஷ்ய வேட்டைக்காரர்கள், ஃபின்லாந்து மாலுமிகள், நார்வேயின் சாமி மக்கள், பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள், தங்கம் தேடி வந்தவர்கள் எனப் பலரும் அங்கே குடியேறி, அலியூட், ட்லிங்கிட், யூப்பிக், இனுபியாட், அதபாஸ்கன் முதலிய பழங்குடி மக்களோடு மண உறவு கொண்டார்கள். அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களில் அலாஸ்காக் குடும்பங்களில் சம்பந்தம் செய்தவர்களுக்கும், குடும்ப வரலாற்று ஆய்வில் ஆர்வம் கொண்டவர்களுக்கும் பயன்படும் என்பதால், அந்த நிலத்தின் ஆவணங்கள் குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

தேடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஊரிலிருந்து தொடங்க வேண்டும். இணையத்தில் பெயரைத் தட்டித் தேடும் பழக்கம் நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. அலாஸ்காவில் அது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. ஒரே ஆள் தம் தாய்மொழியில் ஒரு பெயரோடும், ஞானஸ்நானத்தில் பெற்ற ரஷ்யப் பெயரோடும், பள்ளி ஆசிரியர் சூட்டிய ஆங்கிலப் பெயரோடும் வாழ்ந்து முடித்திருப்பார். அந்த மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை எந்தத் தேடுபொறியும் அறியாது.

ஆகவே, குடும்பம் வாழ்ந்த ஊர் எது, ஏறத்தாழ எந்தப் பத்தாண்டில் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த ஊரில் அந்தக் காலத்தில் எழுதுகோல் யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். சித்காவில் 1830இல் அது ரோம வணிகம் நடத்திய ரஷ்ய–அமெரிக்க நிறுவனத்தின் குமாஸ்தாவிடமும் ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரிடமும் இருந்தது. பிரிபிலோஃப் தீவுகளில் 1890இல் அமெரிக்க அரசு நியமித்த முகவரிடம் இருந்தது. பெத்தல் பகுதியில் 1900இல் மொரேவியன் சபையின் ஊழியரிடம் இருந்தது. அந்த ஆள் யார் என்று தெரிந்துவிட்டால், அவர் எழுதிய தாள் இன்று எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமன்று.

ஊர்ப்பெயர்களும் மாறியிருக்கின்றன. நோவோ அர்ஹாங்கெல்ஸ்க் என்பதே சித்கா; இக்கோக்மியூட் என்று பழைய ஏடுகளில் வருவது யூக்கான் ஆற்றங்கரையிலுள்ள ரஷ்யன் மிஷன்; பேரோ என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுதப்பட்ட ஊர் 2016 முதல் உட்கியாக்விக். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1967இல் வெளியிட்ட அலாஸ்கா இடப்பெயர் அகராதியை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் குடும்பத்தில் பூட்டனார் ரஷ்யர் என்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு ரஷ்யர்கள் அங்கே இருந்ததில்லை. ரஷ்ய அமெரிக்கா எனப்பட்ட அந்தப் பகுதி முழுவதிலும் ஐரோப்பிய ரஷ்யர்களின் எண்ணிக்கை எக்காலத்திலும் ஆயிரத்தை எட்டியதில்லை. க்ரிகோரி ஷெலிகோஃப் 1784இல் கோடியாக் தீவில் குடியிருப்பு அமைத்தது முதல், வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வோலக்டா, வெலிக்கி உஸ்த்யுக், டோட்மா, டோபோல்ஸ்க், இர்க்குட்ஸ்க் போன்ற ஊர்களிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் விலங்குகளின் ரோமத்துக்காக வேட்டையாட வந்த அவர்கள் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். ரஷ்ய–அமெரிக்க நிறுவனத்தின் முதல் தலைமை நிர்வாகியான அலெக்சாண்டர் பாரனோவே கெனாய் பகுதித் தலைவர் ஒருவரின் மகளோடு குடும்பம் நடத்திப் பிள்ளைகள் பெற்றவர்.

இவ்வாறு பிறந்தவர்களைக் கிரியோல் என்று அழைத்தார்கள். நிறுவனத்துக்கு 1821இல் வழங்கப்பட்ட இரண்டாம் பட்டயம் அவர்களைத் தனி வகுப்பாகவே ஏற்றுக்கொண்டது. குமாஸ்தா, மாலுமி, பாதிரியார், நில அளவையாளர் எனப் பல பதவிகளில் கிரியோல்கள் இருந்தார்கள். அமெரிக்க ஆட்சியில் பழங்குடி அடையாளம் இழிவாகப் பார்க்கப்பட்டபோது, கிரியோல் குடும்பங்கள் பல தங்களை 'ரஷ்யர்' என்று சொல்லிக்கொண்டன. உங்கள் குடும்பக் கதை அந்தக் காலத்தில் உருவானதாக இருக்கக்கூடும். அப்படியானால் நீங்கள் தேடும் ரஷ்யர் இன்னும் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு அப்பால் இருப்பார். நடுவில் உள்ள அத்தனை பேரும் அலாஸ்காவிலேயே பிறந்தவர்களாக இருப்பார்கள். குடியேறியவரின் வழியும் பழங்குடி வழியும் வேறு வேறு என்று எண்ணித் தேடலை இரண்டாகப் பிரித்துக்கொள்பவர்கள் பாதி ஆவணங்களைத் தவறவிடுவது இதனால்தான்.

இன்னொரு வகையினரையும் மறக்கக் கூடாது. ஃபின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் பகுதி. ஆர்விட் அடால்ஃப் எத்தோலன் என்ற ஃபின்லாந்துக்காரர் 1840 முதல் 1845 வரை அலாஸ்காவின் ஆளுநராக இருந்தார். அவரோடு ஊனோ சிக்னேயஸ் என்ற லுத்தரன் போதகரும் சித்காவுக்கு வந்தார். ஃபின்லாந்துத் தச்சர்களும் கொல்லர்களும் மாலுமிகளும் லுத்தரன்கள் என்பதால், உள்ளூர்ப் பெண்ணை மணந்தபோது அல்லது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது மட்டுமே ஆர்த்தடாக்ஸ் ஏடுகளில் தலைகாட்டுவார்கள். அவர்களின் தொடக்கம் ஃபின்லாந்தின் பங்கு (தேவாலய வட்டார) ஏடுகளில்தான் கிடைக்கும்.

'பழங்குடித் தலைவரின் மகள்' என்ற கதையை நம்பலாமா?

ரஷ்யர்கள் ஊர்த் தலைவர்களைத் தோயோன் என்று குறித்தார்கள். பதிவேட்டில் அந்தச் சொல் பெண்ணின் தந்தை பெயருக்கு முன் இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் பதிவேடுகளில் என்ன இருக்கும்? அவை எங்கே உள்ளன?

அலியூட் தீவுகள், கோடியாக், சித்கா, கெனாய், யூக்கான் மற்றும் குஸ்கோக்விம் ஆறுகளின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் வேர் கொண்ட எந்தக் குடும்பத்துக்கும் இவையே முதுகெலும்பு. பங்கின் பிறப்பு–திருமண–இறப்பு ஏடு மூன்று பகுதிகளாக எழுதப்பட்டது. பிறப்புப் பகுதியில் குழந்தை பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோரின் பெயரும் வகுப்பும், ஞானப்பெற்றோரின் பெயர்கள், சடங்கை நடத்திய பாதிரியார் ஆகியவை இருக்கும். திருமணப் பகுதியில் மணமக்களின் வயதும், இது அவர்களுக்கு எத்தனையாவது திருமணம் என்பதும், சாட்சிகளின் பெயர்களும் இருக்கும். இறப்புப் பகுதியில் வயதும் காரணமும் அடக்கம் செய்த இடமும் இருக்கும்.

இவற்றைவிட அருமையான ஒன்று பலராலும் கவனிக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் பாவசங்கீர்த்தனம் (பாதிரியாரிடம் பாவ அறிக்கை) செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று பாதிரியார் ஊர் ஊராக, வீடு வீடாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய பட்டியல்தான் அது. ஒரு வீட்டின் கீழ்க் கணவன், மனைவி, பிள்ளைகள், விதவையான தாய், வளர்க்கப்படும் அநாதைப் பிள்ளை எனத் தலைக்கு ஒரு வரியும், பக்கத்தில் வயதும் இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுப் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், முந்திய ஆண்டில் இருந்த மனைவியின் பெயர் மறைந்து அவ்விடத்தில் வேறொரு பெயர் வருவதும், பதினாறு வயதுப் பெண் இந்த வீட்டிலிருந்து நீங்கிக் கடலுக்கு அப்பாலுள்ள இன்னொரு தீவின் பட்டியலில் மருமகளாகத் தோன்றுவதும் தெரியும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒரு முறைதான் நடந்தது. இது ஆண்டுக்கு ஒரு முறை.

அலாஸ்கா ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஆவணங்களில் பெரும்பகுதி வாஷிங்டனிலுள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறது. அவை மைக்ரோஃபிலிம் எடுக்கப்பட்டிருப்பதால், அலாஸ்காவின் பெரிய நூலகங்களிலும் சுருள்களைப் பார்க்கலாம். 1816 முதல் 1936 வரையிலான ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கு ஆங்கில எழுத்தில் அட்டவணை தயாரிக்கப்பட்டுள்ளது. அட்டவணையில் கண்டதோடு நிறுத்திவிடாமல் மூலப் பக்கத்தைப் பாருங்கள். ஞானப்பெற்றோரின் பெயர்கள் மூலத்தில்தான் இருக்கும், அவர்கள் பல வேளைகளில் நெருங்கிய உறவினர்களாகவே இருப்பார்கள். பிற்காலத்து ஏடுகள் சில இன்றும் அந்தந்தப் பங்கிலேயே உள்ளன.

ரஷ்யக் கையெழுத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டவுடன் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பதிவேட்டில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில டஜன்தான். மகன், மகள், சட்டப்படியான மனைவி, கிரியோல், அலியூட், விதவை, ஞானத்தந்தை என்ற அளவில் ஒரு சிறு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்தால் போதும்.

பிறந்த தேதி ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறதே, எது சரி?

பல காரணங்கள் உள்ளன. ஆர்த்தடாக்ஸ் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. 19ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 12 நாட்களையும், 1900 மார்ச்சுக்குப் பிந்திய தேதியோடு 13 நாட்களையும் கூட்டினால் இன்றைய தேதி கிடைக்கும். அமெரிக்க ஆட்சி வந்த பின்பும் பாதிரியார்கள் பழைய நாட்காட்டியிலேயே எழுதினார்கள். ரஷ்யர் காலத்தில் அலாஸ்காவில் ஆசியப் பக்கத்து நாளே வழங்கிற்று. அதனால் 1867 அக்டோபர் 18 அன்று சித்காவில் கொடி மாறியபோது நாட்காட்டியோடு கிழமையும் ஒரு நாள் சரிசெய்யப்பட்டது. அந்த ஒரு நாளுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் வேறு. தொலைதூர ஊர்களுக்குப் பாதிரியார் ஆண்டுக்கு ஒரு முறை, சில ஊர்களுக்கு அதனினும் அரிதாகவே தோல் படகில் வந்து சேர்ந்தார். அதுவரை பிறந்த குழந்தைகளுக்கு ஊரிலுள்ள சாதாரண விசுவாசி ஒருவர் அவசர ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். பாதிரியார் வந்த நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருசேரத் தைலம் பூசிப் பதிவேட்டில் எழுதுவார். ஒரே நாளில் ஒரே ஊரில் பல குழந்தைகள் 'ஞானஸ்நானம்' பெற்றதாக ஏடு காட்டினால், பிறந்த நாள் முந்திய ஆண்டாகவும் இருக்கலாம். பிறந்த நாளை ஒட்டி நாட்காட்டியில் வரும் புனிதரின் பெயரையே குழந்தைக்கு வைக்கும் வழக்கம் பரவலாக இருந்ததால், பெயரே சில வேளைகளில் பிறந்த மாதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப் பெயர் மாறுவது ஏன்?

நிலையான குடும்பப் பெயர் என்ற ஒன்று பழங்குடிகளிடம் இருந்ததில்லை. ரஷ்யர்கள் கொண்டுவந்த முறையும் எல்லா ஊர்களிலும் உடனே இறுகிவிடவில்லை. இவான் என்பவருடைய மகன் பியோத்தர், பியோத்தர் இவானோஃப் என்று எழுதப்படுவார். அவருடைய மகன் நிக்கோலாய், நிக்கோலாய் பெத்ரோஃப் ஆகிவிடுவார். வேறு சிலர் ஞானத்தந்தையாக நின்ற ரஷ்யரின் குடும்பப் பெயரையே ஏற்றார்கள். ஆகவே ஒரே குடும்பப் பெயர் உள்ள எல்லோரும் இரத்த உறவினர் என்று முடிவு செய்வதும், வேறு பெயர் உள்ளவர்கள் உறவினர் அல்லர் என்று ஒதுக்குவதும் ஒருசேரத் தவறு. ஞானத்தந்தை உயிரியல் தந்தையாகவே இருந்த நிகழ்வுகளும் இருக்கக்கூடும் என்று ஊகிப்பவர்கள் உண்டு. ஆர்த்தடாக்ஸ் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை என்பதால், வேறு சான்று இல்லாமல் அதை ஏற்பது கூடாது.

ட்லிங்கிட் முன்னோரைத் தேடும்போது தந்தை வழியாகப் போனால் போதுமா?

போதாது, அங்கே எல்லாமே தாய்வழி. ட்லிங்கிட் சமூகம் அண்டங்காக்கை, கழுகு என்ற இரண்டு பெரும்பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் கீழும் பல குலங்களையும், குலத்தின் கீழ் வீடுகளையும் கொண்டது. சித்காவின் கிக்ஸாதி குலம் அண்டங்காக்கைப் பிரிவைச் சேர்ந்தது. காக்வாந்தான் குலம் கழுகுப் பிரிவைச் சேர்ந்தது. பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். மரபுப்படி திருமணம் எதிர்ப்பிரிவில்தான். வீடும் பட்டமும் சின்னங்களும் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு வந்தன. சிறுவர்கள் குறிப்பிட்ட வயது வந்ததும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார்கள். நாஞ்சில் நாட்டு மருமக்கள்தாயத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கிவிடும்.

அமெரிக்கக் கணக்கெடுப்பாளருக்கு இது விளங்கவில்லை. ஒரு வீட்டில் வயதான ஆணோடு வாழ்ந்த இளைஞனை அவர் 'மகன்' என்று எழுதியிருப்பார். உண்மையில் அவன் சகோதரியின் மகனாக இருப்பான். மேலும் ட்லிங்கிட் பெயர்கள் குலத்தின் சொத்து. இறந்தவரின் பெயர் தலைமுறை கழித்து அதே குலத்தில் இன்னொருவருக்குச் சூட்டப்படும். 1820களில் வரும் ஒரு பெயரும் 1890களில் வரும் அதே பெயரும் ஒரே ஆள் அல்ல என்றாலும், இரண்டும் ஒரே குலம் என்பதற்கு அது நல்ல சான்று. ஆகவே முதலில் அறிய வேண்டியது பாட்டியின் குலம், வீடு ஆகியவற்றையே. அதைத் தாளில் தேடுவதைவிடக் குலத்தின் மூத்தோரிடம் கேட்பதே சரியான முறை.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் எவை கிடைக்கின்றன?

1880க்கும் 1890க்கும் அலாஸ்காவில் பெயர்வாரிப் பட்டியல் இன்று கிடைப்பதில்லை. ஊர்வாரி எண்ணிக்கைகள்தான் அறிக்கைகளில் உள்ளன. நாடு முழுவதற்குமான 1890 பட்டியல்களில் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தாலும் அதன் பின் நடந்த அழிப்பாலும் போயிற்று. சித்கா நகருக்கு 1870இல் எடுத்த தனிக் கணக்கு உண்டு.

ஆக, நமக்கு உண்மையான தொடக்கம் 1900. அந்த ஆண்டு அலாஸ்காவுக்கென்று தனிப் படிவம் அச்சிடப்பட்டது. பழங்குடியினருக்கு இனமும் குலமும் கேட்கப்பட்டன. வெளியிலிருந்து வந்தவர்களிடம், அலாஸ்காவுக்கு வந்து சேர்ந்த தேதி, சொந்த ஊரின் அஞ்சல் முகவரி, ஊரில் செய்த தொழில், இங்கே செய்யும் தொழில் ஆகியவை கேட்கப்பட்டன. மேற்குக் கரையிலுள்ள நோம் நகரில் தங்கத்துக்காக மணலை அரித்துக்கொண்டிருந்த ஒருவரின் வரியிலேயே அவர் விட்டுவந்த ஊரின் பெயர் இருக்கிறது என்றால், குடியேறியவரைத் தேடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? மற்ற மாநிலங்களில் பல ஆண்டுகள் அலைந்தாலும் கிட்டாத தகவல் இங்கே ஒரே கட்டத்தில் இருக்கிறது.

பிந்திய கணக்கெடுப்புகளில் ஒரு நுட்பம் உண்டு. பனிக்காலம் இறுகும் முன் முடிக்க வேண்டும் என்பதால், 1930க்கான கணக்கு அலாஸ்காவில் 1929 அக்டோபர் 1ஐயும், 1940க்கானது 1939 அக்டோபர் 1ஐயும் அடிப்படையாகக் கொண்டது. வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் காணும்போது இதை நினைவில் கொள்ளவும். 1950 வரையிலான பட்டியல்கள் இப்போது பொதுமக்களுக்குத் திறந்துள்ளன.

தங்க வேட்டைக்கு வந்த ஒருவர் காணாமல் போய்விட்டார். எப்படிக் கண்டுபிடிப்பது?

1896இல் க்ளோண்டைக்கில் தங்கம் கிடைத்த செய்தி பரவியபின் பல பத்தாயிரம் பேர் வடக்கே கிளம்பினார்கள். முதலில் கவனிக்க வேண்டியது, க்ளோண்டைக் கனடாவில் இருக்கிறது என்பது. ஸ்காக்வே வழியாகக் கணவாய் ஏறியவர் எல்லையைக் கடந்து கனடாவுக்குப் போய்விட்டார். அவரை வைட்ஹார்ஸிலுள்ள யூக்கான் காப்பகத்தில் தேட வேண்டும். 1898இல் ஏரிகளில் படகு கட்டி இறங்கியவர்களின் படகுகளுக்குக் கனடாவின் குதிரைப் போலீசார் எண் கொடுத்துப் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள்.

அங்கே தோற்றவர்களில் பலர் 1899, 1900இல் நோமுக்கும், 1902க்குப் பின் ஃபேர்பேங்க்ஸுக்கும் போனார்கள். 1900இல் நோமில் மட்டும் 12,000க்கும் மேற்பட்டோர் எண்ணப்பட்டனர். அவர்களில் சிலரை ஊரிலுள்ள மனைவியும் தம் வீட்டுப் பட்டியலில் சொல்லியிருப்பார், ஆகவே ஒருவர் இரண்டு இடங்களிலும் வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். சுரங்க உரிமைகளைப் பதிவு செய்தவர் அந்தந்த வட்டாரத்தின் ஆணையர். அவரே வாரிசு வழக்குகளைப் பார்த்தார், சந்தேக மரணங்களை விசாரித்தார், திருமணமும் செய்து வைத்தார். தனியாக இறந்த சுரங்கக்காரரின் பையிலிருந்த கடிதங்களைக் கொண்டு அவர் உறவினருக்கு எழுதிய தாள்கள் வாரிசுக் கோப்புகளில் கிடைக்கும். குடியுரிமை விண்ணப்பங்கள் ஜூனோ, நோம், வால்டீஸ், ஃபேர்பேங்க்ஸ் ஆகிய ஊர்களில் இயங்கிய மாவட்ட நீதிமன்றப் பதிவுகளில் உள்ளன.

1918 அக்டோபர் 25 அன்று மூழ்கிய பிரின்சஸ் சோஃபியா கப்பலையும் மறக்க வேண்டாம். பனிக்காலத்துக்காகத் தெற்கே கிளம்பிய யூக்கான், அலாஸ்கா மக்கள் உட்பட அதில் இருந்த 340க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஒருவர் திடீரென்று எல்லாப் பட்டியல்களிலிருந்தும் மறைந்தால், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டிலும் தேடுங்கள். மனநோயாளி என்று அலாஸ்கா நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தவர்கள், பழங்குடியினரும் குடியேறியவர்களும், 1904 முதல் 1960கள் வரை அந்நகரின் மார்னிங்சைட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே இறந்தவர்களின் சான்று ஓரிகனில்தான் பதிவாகியிருக்கும். குடும்பத்துக்கு அச்செய்தி போகாமலே விட்டதும் உண்டு.

ரஷ்யரும் தங்க வேட்டையரும் அல்லாத குடியேறிகளுக்கு ஆவணம் உண்டா?

உண்டு, ஆனால் அவர்களை அழைத்து வந்தவர் யார் என்பதைப் பொறுத்தது. துருவ மான் வளர்ப்பைப் பழங்குடியினருக்குக் கற்பிக்க அமெரிக்க அரசு ஷெல்டன் ஜாக்சன் மூலம் நார்வேயின் ஃபின்மார்க் பகுதியிலிருந்து சாமி குடும்பங்களை 1894இலும் 1898இலும் வரவழைத்தது. ஜாக்சனின் ஆண்டறிக்கைகளில் மேய்ப்பர்களின் பெயர்களும், அவர்களிடம் பயின்ற இனுபியாட், யூப்பிக் இளைஞர்களின் பெயர்களும் வரும். மேய்ப்பரின் ஊர் கௌத்தோகெய்னோ, கராஷோக் என்று கிடைத்துவிட்டால், நார்வேயின் பங்கு ஏடுகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மான்களைப் பழங்குடியினர் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று 1937இல் சட்டம் வந்தபின் சாமி குடும்பங்கள் சில வாஷிங்டன் மாநிலத்துக்குப் பெயர்ந்தன.

சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் 1878 முதல் தொடங்கின. அவற்றில் முதலில் சீனர்களும், பின்னர் ஜப்பானியரும் பிலிப்பைன்ஸ்காரர்களும் பருவத் தொழிலாளர்களாக ஒப்பந்தக்காரர் வழியாக வந்தார்கள். ஆலை முதலாளிக்குத் தொழிலாளியின் பெயர் தேவைப்படவில்லை, ஒப்பந்தக்காரரிடம் தலை எண்ணிக்கை கேட்டால் போதும். ஆகையால் ஆலைக் கணக்குகள் ஏமாற்றமளிக்கும். ஜூனோ போன்ற ஊர்களில் ட்லிங்கிட் பெண்களை மணந்து தங்கிவிட்ட பிலிப்பைன்ஸ்காரர்களைக் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளிலும் கணக்கெடுப்பிலும் தேடுவது மேல். ஜப்பானிய வம்சத்தினரை 1942இல் அரசு முகாம்களுக்கு அனுப்பியபோது, ஜப்பானியத் தந்தைக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்தவர்களும் ஐடஹோவின் மினிடோக்கா முகாமுக்குப் போனார்கள். அந்தக் கோப்புகள் விரிவானவை.

ஆர்த்தடாக்ஸ் அல்லாத பகுதிகளில் எந்தச் சபையைக் கேட்பது?

1880களிலிருந்து புராட்டஸ்டண்ட் சபைகள் அலாஸ்காவைத் தங்களுக்குள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டதால், ஊரைக் கொண்டே சபையை ஊகிக்கலாம். பெத்தலும் குஸ்கோக்விம்மும் 1885 முதல் மொரேவியன் சபையிடமும், உனலக்லீட் ஸ்வீடிஷ் கவனென்ட் சபையிடமும், கோட்ஸிபூ குவேக்கர்களிடமும், பாயின்ட் ஹோப் எப்பிஸ்கோப்பல் சபையிடமும் இருந்தன. யூக்கான் கரையிலுள்ள ஹோலி கிராஸ் 1888இல் கத்தோலிக்கச் சேசு சபையார் நிறுவியது. மெட்லக்காட்லா தனிக்கதை: வில்லியம் டங்கனோடு 1887இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த சிம்ஷியன் மக்களின் ஊர் அது, அவர்களின் முந்திய தலைமுறைகளைக் கனடாவில் தேட வேண்டும்.

அரசின் பிறப்பு, இறப்புச் சான்றுகள் எப்போதிலிருந்து உள்ளன?

1913 முதல். தொலைதூர ஊர்களில் பல பத்தாண்டுகளுக்கு அது முழுமையாக நடக்கவில்லை. பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டுகளுக்குப் பின்பும், இறப்பு, திருமணப் பதிவுகள் 50 ஆண்டுகளுக்குப் பின்பும் எல்லோருக்கும் திறக்கப்படும். அதற்கு முன் நெருங்கிய உறவினர் மட்டுமே பெறலாம். தாமதமாகப் பதிவு செய்யப்பட்ட பிறப்புச் சான்றை விசேஷமாகக் கேளுங்கள். ஓய்வூதியத்துக்காகவும் வேலைக்காகவும் நடுவயதில் விண்ணப்பித்தவர்கள், ஞானஸ்நானச் சான்றையும் பிறப்பை நேரில் அறிந்த மூத்தோரின் வாக்குமூலத்தையும் இணைக்க வேண்டியிருந்தது. சான்றைவிட அந்த இணைப்புகளே நமக்குப் பயன்படும்.

1971 நில உரிமைத் தீர்வுச் சட்டம் குடும்ப வரலாற்றுக்கு எப்படி உதவும்?

அந்தச் சட்டம் பழங்குடியினரின் நில உரிமைக் கோரிக்கைகளைத் தீர்த்து, ஏறத்தாழ 4.4 கோடி ஏக்கர் நிலத்தையும் 96.25 கோடி டாலரையும் பழங்குடிக் கழகங்களிடம் ஒப்படைத்தது. 1971 டிசம்பர் 18 அன்று உயிரோடிருந்த, குறைந்தது கால்பங்கு பழங்குடி வம்சம் கொண்டவர்கள் பதிவு செய்துகொண்டு, பன்னிரண்டு வட்டாரக் கழகங்களில் ஒன்றிலோ, அலாஸ்காவுக்கு வெளியே வாழ்ந்தோருக்கான பதின்மூன்றாவதிலோ பங்குதாரர் ஆனார்கள். கால்பங்கை நிறுவுவதற்காகப் பெற்றோர், பாட்டன் பாட்டியரின் பெயர்களை விண்ணப்பத்தில் எழுத வேண்டியிருந்ததால், ஆயிரக்கணக்கான குடும்ப மரங்கள் ஒரே காலத்தில் தாளில் ஏறின. அவை தனிமனித இரகசியக் காப்புக்கு உட்பட்டவை. விண்ணப்பித்தவரோ அவருடைய வாரிசோ கேட்டுப் பெற வேண்டும். பங்குகள் வாரிசுகளுக்குப் போகும்போது உருவாகும் கோப்புகளும், 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் வரை நிலம் கோரியவர்களின் விண்ணப்பங்களும் அவ்வாறே பயன்தருபவை.

இதில் ஒரு எச்சரிக்கை. பழங்குடி இரத்தப் பங்கைக் காட்டும் அரசுச் சான்று வேறு, ஒரு பழங்குடி அரசின் உறுப்பினராவது வேறு, கழகத்தின் பங்குதாரராவது வேறு. குடும்ப மரத்தில் ஒரு முன்னோரைக் கண்டுபிடித்ததனாலேயே இம்மூன்றில் எதுவும் தானாகக் கிடைத்துவிடாது.

ஒரு முழு ஊரின் தடமே அறுந்து போனால்?

இரண்டு நிகழ்வுகளை நினைவில் வையுங்கள். 1918 நவம்பரில் பரவிய காய்ச்சலில், இன்று பிரெவிக் மிஷன் எனப்படும் ஊரில் 80 பேரில் 72 பேர் ஐந்து நாட்களில் இறந்தார்கள். சுவர்டு தீபகற்பமெங்கும் அநாதையான பிள்ளைகள் வேறு ஊர்களில், வேறு பெயர்களில் வளர்ந்தார்கள். அநாதை இல்லங்களின் சேர்க்கை ஏடுகளும் பள்ளிக் கோப்புகளும் அவர்களை மீண்டும் இணைக்க உதவும். வெகுதூரம் அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. 1918 வரை இயங்கிய பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியின் மாணவர் கோப்புகள், அலாஸ்கா மாணவர்களுடையவை உட்பட, இணையத்தில் உள்ளன.

அடுத்தது 1942. ஜப்பானியப் படை அட்டூ தீவைப் பிடித்து அங்கிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட அலியூட் மக்களை ஜப்பானின் ஒட்டாரு நகருக்குக் கொண்டுபோயிற்று. அவர்களில் பாதிப்பேர் அங்கேயே இறந்தார்கள். அமெரிக்க அரசு மற்றத் தீவுகளிலிருந்து 881 அலியூட் மக்களைத் தென்கிழக்கு அலாஸ்காவின் கைவிடப்பட்ட மீன் ஆலைகளிலும் சுரங்கக் கொட்டகைகளிலும் அடைத்தது. பத்தில் ஒருவர் என்ற அளவில் உயிரிழந்தார்கள். போருக்குப் பின் அட்டூ, மக்குஷின், காஷேகா, பியோர்க்கா ஆகிய ஊர்கள் மீண்டும் ஊராகவில்லை. அவ்வூர்க் குடும்பங்களை அட்காவிலும் உனலாஸ்காவிலும் அக்குட்டானிலும் தேட வேண்டும். இறந்தவர்களின் கல்லறைகள் ஃபன்டர் பே, கில்லிஸ்நூ போன்ற முகாம் இடங்களில் உள்ளன.

மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

பழங்குடி வழி உண்டா இல்லையா என்பது தெரியும்; எந்தக் குலம், எந்த ஊர் என்பது தெரியாது. சிறிய தீவுச் சமூகங்களில் பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணந்ததால், தூரத்து உறவினர்கூட நெருங்கியவராகத் தோன்றுவார். அலியூட் மக்களிடம் செய்த ஆய்வுகளில் தந்தைவழிக் குரோமோசோம்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மூலத்தையும், தாய்வழி மரபணு ஏறத்தாழ முழுவதும் பழங்குடி மூலத்தையும் காட்டின. பதிவேடுகள் சொல்வதும் அதையேதான்.

நேரில் போக வேண்டுமா? எப்போது போவது?

கூட்டரசின் அலாஸ்கா ஆவணங்கள் அலாஸ்காவில் இல்லை. ஆங்கரேஜ் நகரின் தேசியக் காப்பகக் கிளை 2014இல் மூடப்பட்டு, அதிலிருந்தவை சியாட்டிலுக்குப் போயின. சியாட்டில் கிளையையும் மூட எடுத்த முடிவு, பழங்குடி அரசுகளும் மாநில அரசுகளும் தொடுத்த வழக்கால் 2021இல் கைவிடப்பட்டது. மாநில அரசின் காப்பகமும் நூலகமும் ஜூனோவில் ஒரே கட்டடத்தில் உள்ளன. ஜூனோவுக்குச் சாலை வழி கிடையாது. விமானம் அல்லது படகுதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுற்றுலாக் கப்பல்களின் கூட்டத்தால் தங்குமிடம் கிடைப்பது கடினம். கிராமங்களில் மூத்தோரைச் சந்திக்க வேண்டுமானால் கோடையைத் தவிர்த்து விடுங்கள், அப்போது எல்லோரும் மீன்பிடி முகாம்களில் இருப்பார்கள். முதலில் கிராமத்தின் பழங்குடி மன்றத்துக்குக் கடிதம் எழுதி, யாரைப் பார்க்க வருகிறீர்கள், உங்கள் பாட்டி எந்த ஊர் என்பதைச் சொல்லிவிட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே பயணச்சீட்டு எடுங்கள்.